விழித்ததும் உறைந்துபோகும் கணினியும் ஓர் அவசரத் தீர்ப்பும்



இரவில் மூடி வைத்த மடிக்கணினியைக் காலையில் திறக்கிறோம். திரை ஒளிர்கிறது. நேற்று எந்த வரியில் எழுத்தை நிறுத்தினோமோ அதே வரி கண்முன் நிற்கிறது. சுட்டியை நகர்த்தினால் அம்பு அசையவில்லை. விசையைத் தட்டினால் எழுத்து விழவில்லை. மூலையிலுள்ள கடிகாரம் நேற்றிரவு 11.40 என்றே காட்டிக்கொண்டிருக்கிறது. சிறிது நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மின்விசையை அழுத்திப் பிடித்து அணைத்து, மீண்டும் தொடங்குகிறோம். அப்போது ஒழுங்காக இயங்குகிறது. மறுநாள் காலையில் மீண்டும் அதே கதை.

இந்தக் குறையோடு பழுதுபார்க்கும் கடைக்குச் செல்வோர்க்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றே: "ஃபார்மேட் போட்டுவிடலாம்." கேட்பவரும் தலையசைத்துவிடுகிறார். ஹைபர்நேட் நிலையிலிருந்து எழும்போது மட்டும் உறைந்துபோகும் கணினிக்கு இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் பொருந்தாது என்பதும், பொருந்தாத அத்தீர்ப்பினால் திரும்பப் பெறவியலாதவை அழிகின்றன என்பதும் என் கருத்து. நான் கணினிப் பொறியாளன் அல்லன். ஒரு பள்ளியின் அலுவலகத்தில் பல்லாண்டுகள் கணினிகளோடு காலம் கழித்தவன். இதை நான் நூலில் படித்து அறியவில்லை. எங்கள் வீட்டில் நேர்ந்த ஓர் இழப்பே கற்றுக்கொடுத்தது.

என் காக்காவின் மடிக்கணினிக்கு இதே நோய் வந்தது. கடையில் கொடுத்தார். "டி டிரைவில் இருப்பதெல்லாம் பத்திரமாக இருக்கும் பாய், சி டிரைவை மட்டும்தான் அழிப்போம்" என்று கடைக்காரர் கூறியிருக்கிறார். அவர் கூறியதில் பொய் இல்லை. ஆனால், நம்மில் பெரும்பாலோர் கோப்புகளை வைக்கும் 'டெஸ்க்டாப்', 'டாக்குமென்ட்ஸ்' ஆகிய இரண்டும் வழக்கமாகச் சி டிரைவுக்குள்தான் இருக்கின்றன என்பதை இருவருமே நினைத்துப் பார்க்கவில்லை. வாப்பா மௌத்தாவதற்கு முன்பு, தம் இளமைக் காலத்தையும் கடற்பயணங்களையும் பற்றிச் சொல்லச் சொல்லக் காக்கா ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தார். அது டெஸ்க்டாப்பில் ஒரு மஞ்சள் உறையாக இருந்தது. கணினி திரும்பி வந்தபோது அந்த உறை இல்லை. மூன்றாவது வாரத்தில் கணினி மீண்டும் உறைந்தது. நோயும் தீரவில்லை, வாப்பாவின் குரலும் போயிற்று.

ஏன் தீரவில்லை என்பதைப் புரிந்துகொள்ள, ஹைபர்நேட் என்பது என்ன என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். இதை அறிந்துகொண்டால் பாதிப் பழுதை நாமே கண்டுபிடித்துவிடலாம்.

கணினிக்கு இருவகைத் துயில் உண்டு. 'ஸ்லீப்' என்பது கோழித்தூக்கம். திரை, வன்தட்டு, செயலி எல்லாம் அடங்கிவிடும். ஆனால் ரேம் என்னும் தற்காலிக நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் சொட்டுச் சொட்டாகச் சென்றுகொண்டிருக்கும். அது நின்றுவிட்டால் நினைவகத்தில் உள்ளவை மறைந்துபோகும். ஹைபர்நேட் என்பது நெடுந்துயில். அந்நிலைக்குச் செல்லுமுன் கணினி தன் நினைவகத்தில் உள்ளவற்றைச் சுருக்கி, வன்தட்டில் ஒரே பெரிய கோப்பாக எழுதி வைத்துவிட்டு, முழுவதும் அணைந்துவிடுகிறது. மின்கலத்தையே கழற்றி வைத்தாலும் அந்தக் கோப்பு அழியாது. விண்டோஸ் 10-இல் அக்கோப்புக்காக இயல்பாக ஒதுக்கப்படும் இடம் நினைவகத்தின் அளவில் 40 விழுக்காடு. அதாவது 8 ஜிபி ரேம் உள்ள கணினியில் ஏறத்தாழ 3.2 ஜிபி. மீண்டும் மின்விசையை அழுத்தும்போது, வழக்கமான தொடக்கத்துக்குப் பதிலாக இந்தக் கோப்பைப் படித்து நினைவகத்தில் நிரப்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது.

இங்கேதான் சிக்கல். நினைவகத்தில் இருந்தவை திரும்பிவிட்டன. ஆனால் திரையை இயக்கும் கிராஃபிக்ஸ் சிப், வைஃபை அட்டை, யூஎஸ்பி துறைகள் போன்றவை முற்றாக அணைந்து, நேற்றைய நினைவே இல்லாமல் புதிதாக எழுந்து நிற்கின்றன. இருபதாண்டு வளைகுடாவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர், பழைய நினைவிலேயே தெருமுனைக் கடைக்குச் சென்று பழைய முதலாளியின் பெயரைச் சொல்லிக் கடன் கேட்பதைப் போன்றது இது. கடையில் இருப்பவரோ புதியவர். இருவருக்கும் இடையே நின்று, "இவர் இன்னார், உன் கணக்கு இவ்வளவு" என்று அறிமுகம் செய்துவைக்க ஒருவர் வேண்டும். கணினியில் அந்த வேலையைச் செய்பவை 'டிரைவர்' எனப்படும் சிறு மென்பொருள்கள். ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு டிரைவர். அவற்றில் ஒன்று தன் கடமையில் தவறினாலும், கணினி பதிலுக்காகக் காத்துக்கொண்டே நின்றுவிடுகிறது. நாம் காண்பது அந்தக் காத்திருப்பைத்தான்.

முற்காலத்தில் இந்த வேலைகளைப் பெரும்பாலும் தாய்ப்பலகையில் உள்ள பயாஸ் கவனித்துக்கொண்டது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தொஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட ஏசிபிஐ என்னும் நெறிமுறை, துயிலையும் விழிப்பையும் நடத்தும் பொறுப்பை இயங்குதளத்தின் கைக்கு மாற்றியது. நல்ல மாற்றந்தான். ஆனால் அன்றிலிருந்து ஒரு கணினி சரியாக விழிப்பதற்குத் தாய்ப்பலகை செய்தவர், இயங்குதளம் செய்தவர், ஒவ்வோர் உறுப்பையும் செய்தவர் என்று பலரும் தத்தம் பங்கைப் பிழையின்றிச் செய்தாக வேண்டும் என்றாயிற்று. ஒருவர் தவறினால் மற்றவர் மீது பழி விழுகிறது. பயனர் நடுவில் நிற்கிறார்.

இனிக் காக்காவின் கணினிக்கு வருவோம். ஃபார்மேட் செய்து விண்டோஸைப் புதிதாக நிறுவியபின், இணையத்தோடு இணைந்ததும் அது தனக்குத் தேவையான டிரைவர்களைத் தானே தேடி இறக்கிக்கொள்கிறது. கோளாறுக்குக் காரணமான அதே டிரைவர் அதே வழியாகத் திரும்பி வந்து அமர்ந்துகொள்கிறது. வீட்டை இடித்துக் கட்டியும், ஒழுகிய குழாயையே எடுத்துப் பொருத்தியது போலாகிவிடுகிறது. அதனால்தான் மூன்றாவது வாரத்தில் மீண்டும் உறைந்தது.

இதை நான் அறிந்துகொண்டது இரண்டாவது கணினியில். எங்கள் தெருவில் ஒரு லாத்தா இருக்கிறார். கணவரை இழந்தவர், தையல் வேலை செய்து இரு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். தெருப் பெண்கள் 40 பேர் மாதந்தோறும் ஒரு சிறுதொகை சேர்த்து, தங்களுக்குள் தேவைப்படுவோர்க்கு வட்டியில்லாக் கடனாகக் கொடுத்து வாங்குகிறார்கள். அதற்குக் கணக்கெழுதுபவர் அவர்தாம். யார் எவ்வளவு கொடுத்தார், யாருக்கு இன்னும் எவ்வளவு நிலுவை என்பதெல்லாம் எக்ஸெல் கோப்பு ஒன்றில் இருக்கின்றன. அக்கோப்பை அவர் மூடுவதே இல்லை. திறந்தபடியே மடிக்கணினியின் மூடியைச் சாத்திவிடுவார். மறுநாள் திறந்து தொடர்வார். மூடியைச் சாத்தினால் ஹைபர்நேட் ஆகுமாறு அவருடைய மகன் அமைத்துக் கொடுத்திருந்தான்.

ஒருநாள் காலையில் கணினி உறைந்தது. கடையில் சொன்ன விடை தெரிந்ததே. ஆனால் அவர் தலையசைக்கவில்லை. "தம்பி, இது என் வீட்டுக் கணக்கு இல்லை; நாற்பது பேருடைய அமானிதம். அழிக்கச் சொல்கிறார்கள். என்ன செய்ய?" என்று என்னிடம் வந்தார். காக்காவுக்கு நேர்ந்ததை அவர் அறிந்திருந்தார்.

கணினி அப்போதும் உறைந்தபடியே இருந்தது. அதை அணைக்காமல் அப்படியே எடுத்து வந்தது அவர் செய்த நல்ல காரியம். ஏனெனில், உறைந்து நிற்கும் கணினி சாட்சி சொல்லக்கூடிய நிலையில் இருக்கிறது. மின்விசையை அழுத்திப் பிடித்த மறுகணம் சாட்சியில் பாதி போய்விடுகிறது. நான் முதலில் 'கேப்ஸ் லாக்' விசையைத் தட்டினேன். அதன் சிறு விளக்கு எரிந்தது; மீண்டும் தட்டினேன், அணைந்தது. இது எளிய சோதனை. ஆனால் மிகுந்த பொருளுடையது. விளக்கு மாறுகிறதென்றால் இயங்குதளம் உள்ளே உயிரோடு இருக்கிறது, திரைதான் நின்றுவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். விளக்கு அசையவேயில்லை என்றால் கோளாறு ஆழத்தில் இருக்கிறது.

விளக்கு மாறியதால், விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கையும் ஒருசேர அழுத்தினேன். இது கிராஃபிக்ஸ் டிரைவரை மட்டும் மீண்டும் தொடங்கச் செய்யும் கட்டளை. திறந்திருக்கும் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. திரை ஒரு நொடி கருத்தது, 'டிங்' என்று ஓர் ஒலி எழுந்தது, எக்ஸெல் கோப்பு வந்து நின்றது, அம்பு அசைந்தது. லாத்தா அடைந்த நிம்மதியை எழுத எனக்குத் திறமை போதாது. உடனே கோப்பைச் சேமித்து, ஒரு பென்டிரைவில் நகலெடுத்து அவர் கையில் கொடுத்தேன். அதன் பிறகே மற்ற ஆராய்ச்சி.

எல்லாக் கணினியும் இவ்வாறு மீளும் என்று நான் சொல்லவில்லை. சில வேளைகளில் எந்த விசைக்கும் விடை வராது. பத்து நொடி அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. பழைய வன்தட்டு உள்ள கணினியென்றால் அதற்கு முன்பு மூன்று நான்கு நிமிடமாவது காத்திருக்க வேண்டும். அவ்வளவு பெரிய கோப்பைப் படித்து முடிக்க வன்தட்டு திணறுவதை நாம் உறைவு என்று எண்ணிவிடுகிறோம். வன்தட்டு விளக்கு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தால் அது வேலை செய்கிறது என்று பொருள். பொறுமையற்று அணைத்தால், சேமிக்காமல் விட்ட வேலை நெடுந்துயில் கோப்போடு போய்விடும். எக்ஸெல், வேர்ட் போன்றவை இயல்பாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தாமே ஒரு நகல் எடுத்து வைப்பதால் ஓரளவு மீட்கலாம். முழுவதும் மீளும் என்று நம்பியிருக்கக் கூடாது.

அடுத்துக் கணினி எத்தனை நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தேன். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' வரும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில், செயலியைப் பற்றிய பக்கத்தின் கீழே 'அப் டைம்' என்று ஒரு கணக்கு ஓடும். லாத்தாவின் கணினியில் அது 23 நாள் என்றது. "வெள்ளிக்கிழமைதோறும் முழுதாக ஷட் டவுன் செய்கிறேனே தம்பி!" என்றார் அவர். அவர் பொய் சொல்லவில்லை. கணினிதான் அவரிடம் உண்மை பேசவில்லை.

இதைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே எழுத விரும்புகிறேன். 2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல், 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்னும் ஏற்பாடு இயல்பாகவே இயக்கத்தில் வைக்கப்படுகிறது. இதன்படி, நீங்கள் 'ஷட் டவுன்' என்பதை அழுத்தும்போது உங்கள் மென்பொருள்கள் மூடப்படுகின்றன. ஆனால் இயங்குதளத்தின் உட்கருவும் டிரைவர்களும் மூடப்படாமல், ஹைபர்நேட் செய்வதைப் போலவே வன்தட்டில் எழுதி வைக்கப்படுகின்றன. மறுநாள் அவையே திரும்ப ஏற்றப்படுகின்றன. தொடக்கம் விரைவாக இருக்கிறது என்பது உண்மை. ஆனால் நேற்றுத் தடுமாறிய டிரைவர் இன்றும் அதே தடுமாற்றத்தோடு எழுகிறது. வாரக்கணக்கில் ஒருமுறைகூட அது புதிதாகத் தொடங்குவதில்லை. விந்தை என்னவென்றால், 'ரீஸ்டார்ட்' என்பதை அழுத்தினால்தான் எல்லாம் முழுவதும் மூடித் திறக்கப்படுகின்றன. அணைப்பதைவிட மறுதொடக்கமே முழுமையான அணைப்பு என்னும் நிலை!

சுழலும் வன்தட்டுகள் இருந்த காலத்தில் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு நியாயம் இருந்தது. எஸ்எஸ்டி பரவிவிட்ட இக்காலத்தில் இதனால் மிச்சமாவது சில நொடிகள்தாம். அந்தச் சில நொடிகளுக்காக, 'அணை' என்று எழுதப்பட்ட விசை அணைக்காமல் இருப்பதை நான் ஏற்கவில்லை. ஒரு பொருளை அதன் பெயரால் அழைக்க வேண்டும். அணைக்கவில்லை என்றால் 'அணை' என்று எழுதக் கூடாது. இந்த ஏற்பாட்டை நிறுத்த விரும்புவோர் கண்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்' பகுதிக்குச் சென்று, மின்விசைகள் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' குறியை நீக்கிவிடலாம். ஒருமுறை மட்டும் முழுதாக அணைக்க வேண்டுமென்றால், ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு 'ஷட் டவுன்' அழுத்தினால் போதும்.

லாத்தாவின் கணினியை ரீஸ்டார்ட் செய்தேன். அதன் பின் சோதனைக்காக ஹைபர்நேட் செய்து எழுப்பினேன், நன்றாக எழுந்தது. தீர்ந்தது என்று எண்ணிக் கொடுத்தனுப்பினேன். இரண்டாம் நாள் மீண்டும் உறைந்தது. நெடுந்துயில் கோப்பே சிதைந்திருக்கலாம் என்று கருதி, அதை அழித்துப் புதிதாக உருவாக்கச் செய்தேன். இதை அவர் மகனுக்குத் தொலைபேசியில் சொன்ன விதமாகவே இங்கும் சொல்கிறேன்: 'கமாண்ட் ப்ராம்ட்' என்பதை நிர்வாகி உரிமையோடு திற, 'பவர்' என்னும் ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி என்னும் மூன்று எழுத்துகளை ஒட்டி எழுது, ஓர் இடைவெளி விட்டு, வலப்பக்கம் சாய்ந்த கோடும் அதனோடு ஒட்டி எச் என்னும் எழுத்தும், மீண்டும் இடைவெளி விட்டு 'ஆஃப்'. என்டர் தட்டியதும் பழைய கோப்பு நீங்கிவிடும். கணினியை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, கடைசிச் சொல்லை மட்டும் 'ஆன்' என்று மாற்றி மறுபடி எழுதினால் புதிய கோப்பு உருவாகும். பலருடைய கணினி இந்த ஒரே செயலில் சரியாகிவிடுகிறது. லாத்தாவுடையது சரியாகவில்லை. நான்காம் நாள் மீண்டும் உறைந்தது.

நானும் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான்கு விசைகளை அழுத்தியதும் திரை திரும்பியதே. அப்போதே கிராஃபிக்ஸ் டிரைவர் தன் பெயரைச் சொல்லிவிட்டது. கேட்டும் கேளாதவனாக நான்தான் இருந்தேன். பின்னர், தொடக்கப் பட்டியில் 'ரிலையபிலிட்டி' என்று தேடி, நம்பகத்தன்மை வரலாற்றைக் காட்டும் பக்கத்தைத் திறந்தேன். கணினியில் நாள்தோறும் என்ன நிறுவப்பட்டது, எது செயலிழந்தது என்பதெல்லாம் நாட்காட்டி போல அதில் வரிசையாக இருக்கும். பழுதுபார்ப்போர் மிகக் குறைவாகப் பயன்படுத்தும், ஆனால் மிகப் பயனுள்ள பக்கம் இது என்பேன். கணினி முதன்முதலாக உறைந்த நாளுக்கு முந்தைய நாள், கிராஃபிக்ஸ் டிரைவரின் புதிய பதிப்பு ஒன்று விண்டோஸ் அப்டேட் வழியாக வந்து அமர்ந்திருந்தது. 'டிவைஸ் மேனேஜர்' சென்று, 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்பதன் கீழுள்ள பெயரைத் திறந்து, 'ரோல் பேக் டிரைவர்' என்பதை அழுத்தினேன். பழைய பதிப்பு திரும்பியது. அதே புதிய பதிப்பு மறுபடியும் தானே வந்துவிடாதிருக்க, அப்டேட்டைச் சில வாரங்களுக்கு நிறுத்தி வைத்தேன். விண்டோஸ் 10-இல் 35 நாள் வரை நிறுத்தலாம். அதன் பிறகு மடிக்கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் பக்கத்தில், அந்த மாடலுக்கென்றே வெளியிடப்பட்ட டிரைவரை எடுத்து நிறுவினேன். அன்றுமுதல் அது உறையவில்லை.

கோப்பு ஒன்றுகூட அழியவில்லை. செலவு ஒன்றுமில்லை.

எப்போதும் கிராஃபிக்ஸ் டிரைவர்தான் குற்றவாளி என்று கொள்ள வேண்டா. வைஃபை டிரைவராக இருக்கலாம். யூஎஸ்பி-யில் செருகிய டாங்கிளோ பழைய பிரிண்டரோ கூடக் காரணமாகலாம். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஹைபர்நேட் செய்து பார்த்து, பின் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்ப்பது நல்ல முறை. கேப்ஸ் லாக் விளக்கே அசையாமல், சாதாரண வேலையின் நடுவிலும் கணினி நின்றுபோகிறது என்றால் கதை வேறு. ரேம் அல்லது வன்தட்டு உண்மையாகவே பழுதாகியிருக்கலாம். அந்நிலையில் முதலில் நகல் எடுக்க வேண்டும். பிறகு விண்டோஸிலேயே உள்ள நினைவகச் சோதனையை ஓடவிட்டு, வன்தட்டின் உடல்நிலையையும் பார்க்க வேண்டும். 'ஈவன்ட் வியூவர்' பதிவேட்டில் 41 என்னும் எண்ணோடு ஒரு சிவப்புக் குறியைக் காட்டி, "பவர் பிரச்சினை, பாகம் மாற்ற வேண்டும்" என்று சொல்வோர் உண்டு. அந்த எண் சொல்வதெல்லாம், சென்ற முறை கணினி முறையாக மூடப்படாமல் நின்றது என்பது மட்டுமே. உறைந்த கணினியை நீங்கள் அழுத்திப் பிடித்து அணைத்தாலே அது பதிவாகிவிடும். அதை நோயின் பெயராகக் கொள்வது பிழை.

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருக்கும் மாணவர்களுக்கு மட்டும் ஒரு சொல். விண்டோஸை ஹைபர்நேட் செய்துவிட்டோ, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயக்கத்தில் இருக்கும்போது 'ஷட் டவுன்' செய்துவிட்டோ, லினக்ஸ் வழியாக அதே டிரைவில் எழுத முயலாதீர்கள். விண்டோஸ் தன் பழைய நினைவோடு எழுந்து, நீங்கள் மாற்றியதை அறியாமல் எழுதத் தொடங்கினால் கோப்பமைப்பே சிதையும். லினக்ஸ் அந்த டிரைவைப் படிக்க மட்டுமே இடங்கொடுத்து எழுத மறுப்பது உங்கள் நன்மைக்காகவே. அதை வலிந்து மீறாதீர்கள்.

"இவ்வளவு தொல்லை எதற்கு? ஹைபர்நேட்டையே நிறுத்திவிடலாமே!" என்று கூறும் நண்பர்கள் இருக்கிறார்கள். மேசைக் கணினிக்கும், நாள்தோறும் முழுதாக அணைப்பவர்க்கும் அது தகுந்த யோசனைதான். ஆனால், மின்கலம் தேய்ந்துபோன மடிக்கணினியை ஸ்லீப் நிலையில் விட்டுச் செல்கிறோம்; மின்சாரம் நான்கு மணி நேரம் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்கலம் தீரும் தறுவாயில் கணினி தானே எழுந்து, எல்லாவற்றையும் வன்தட்டில் எழுதிவிட்டு அணைந்துகொள்வதற்குப் பெயர்தான் ஹைபர்நேட். அதை நிறுத்திவிட்டால், சேமிக்காத வேலை எல்லாம் அந்த நொடியிலேயே போய்விடும். மின்தடை பழகிப்போன நம் ஊர்களில் அது விலக்கத்தக்க வசதியன்று. வலி தீரக் காலை வெட்டுவது போன்ற இந்த யோசனையை, எல்லா வழியும் அடைபட்ட பிறகே நான் ஏற்பேன்.

கடைக்காரர்கள் மீது மட்டும் பழியைச் சுமத்திவிட்டு நகர்ந்துவிடவும் எனக்கு மனமில்லை. விட்டுவிட்டு வரும் கோளாறைக் கண்டுபிடிக்க நாட்கள் ஆகும். ஹைபர்நேட் செய்ய வேண்டும், காத்திருக்க வேண்டும், எழுப்ப வேண்டும், குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். ஃபார்மேட் செய்வதற்கோ சில மணி நேரம் போதும்; கூலியும் நிச்சயம். "இரண்டு நாள் பார்த்தேன், காரணம் இன்னதென்று தெரிந்தது, டிரைவரை மாற்றினேன்" என்று அவர் கூறினால், "இதற்கா இவ்வளவு காசு?" என்று கேட்பவர்கள் நாம். பாகம் மாற்றினால் கேட்ட காசைக் கொடுக்கிறோம். யோசித்ததற்குக் கொடுக்க மறுக்கிறோம். பார்த்துச் சொல்வதற்கும் கூலி உண்டு என்பதை நாம் ஏற்காதவரை, பார்த்துச் சொல்பவர் கிடைக்கமாட்டார். அதே வேளையில், ஒருவர் நம்பி ஒப்படைத்த கணினியை அழிக்குமுன், எந்தெந்த இடத்தில் என்னென்ன இருக்கின்றன என்று கேட்டு, நகலெடுத்து, அதைத் திறந்து காட்டி, சம்மதம் பெற்ற பின்பே கை வைப்பது கடைக்காரர் மீதுள்ள கடமை. "சி டிரைவ் மட்டும்தான்" என்னும் ஒற்றை வாக்கியம் சம்மதம் பெற்றதாகாது.

காக்காவின் கணினியை அழித்த கடைக்குச் சென்று இதையெல்லாம் நான் சொன்னேன். சண்டை பிடிக்கச் சென்றவன்தான். ஆனால் அந்த இளைஞர் முகம் வாடிப்போனதைக் கண்டு குரல் தாழ்ந்துவிட்டது. "வாப்பா குரல் என்று தெரியாது பாய்" என்று இரண்டு முறை சொன்னார். எந்த நகலும் அவரிடம் இல்லை. மீட்பு மென்பொருளைக் கொண்டு காக்காவும் நானும் ஒரு வாரம் முயன்றோம்; புதிய விண்டோஸ் அந்த இடத்தின் மீதே எழுதப்பட்டுவிட்டதால், பெயரில்லாத சில துண்டுகளைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. அவற்றில் ஒன்றில் பதினோரு நொடி கடலிரைச்சல் போல ஏதோ கேட்கிறது. அது வாப்பாவின் பதிவுதானா என்று காக்காவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

லாத்தா தம் மடிக்கணினியின் மூடியில் ஒரு சிறு காகிதம் ஒட்டியிருக்கிறார். வெள்ளிக்கிழமை ரீஸ்டார்ட், பென்டிரைவில் கணக்கு என்று தம் கையெழுத்தில் எழுதியிருக்கிறார். சென்ற மாதம் வேறொரு வேலையாக அந்தக் கடைக்குச் சென்றிருந்தேன். மடிக்கணினியை நீட்டிய ஒரு பெரியவரிடம் அந்த இளைஞர், "டெஸ்க்டாப்பில் என்ன வைத்திருக்கிறீர்கள் பாய், முதலில் அதைச் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.